தள்ளிவிட்ட மழை

மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தில் மேகம் தள்ளும் வேலை பார்த்தாள் மரியபுஷ்பம். ஆட்டம் நடக்கையில் மைதானத்தை நோக்கி வரும் மழையைச் சங்கத்தின் உத்தரவுப்படி உப்பளக் காலனிப் பக்கம் திருப்பிவிடுவாள். அவள் வீடும் அங்கேதான். போன வருஷ இறுதியாட்டத்தன்று அவள் தள்ளிவிட்ட மழையில் வீட்டுச் சுவர் இடிந்து புருஷன் செத்தான். துட்டி கேட்க வந்த செயலாளர் சங்கரலிங்கம், "மழைன்னா எங்கயாவது பெய்யத்தானம்மா செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வருஷ இறுதியாட்டத்திலும் மைதானத்தில் ஒரு சொட்டு விழவில்லை. அவள் போன் அடித்தது.

"ஏம்மா, எம் மவ கல்யாணப் பந்தலு சரியுது. மழையத் திருப்பு" என்று கதறினார் செயலாளர்.

"மழைன்னா எங்கயாவது பெய்யத்தான சார் செய்யும்" என்றாள் மரியபுஷ்பம். மிச்சமிருந்த மேகத்தையும் அந்தப் பக்கமே தள்ளினாள்.