கூப்பிடாத போன்

காடாம்புலியூர் முந்திரிக் கம்பெனியில் பில் போடும் புரோகிராம் மறுபடியும் நின்றுவிட்டது. அதை எழுதிய வினோலியா ஸ்கூட்டியில் ஓடிப்போய்ச் சரிசெய்தாள்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையைக்கூட விட்டுட்டு ஓடியிருக்கு!" என்று திங்கட்கிழமை சாஃப்ட்வேர் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார் முதலாளி மருதமுத்து. "பர்மனென்ட் பண்ணினா இந்தப் பொண்ணைத்தான் பண்ணணும்."

ஷாஜியாவுக்கு வயிறு எரிந்தது. இருவருமே கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆக இருப்பதோ ஒரே இடம்.

முத்தாண்டிக்குப்பம் பலா மண்டிக்கு ஷாஜியா எழுதிய புரோகிராம் ஒரு நாளும் நின்றதில்லை. ஃபைலைத் திறக்கும் இடத்திலெல்லாம் 'வித்' என்ற கட்டளையைப் போட்டிருந்தாள். வேலை முடிந்தாலும், நடுவில் தவறு நேர்ந்தாலும், ஃபைல் தானாக மூடிக்கொள்ளும். மூடாமல் விட்டால் பில்லுக்கு ஒரு ஃபைலாகத் திறந்தே சேர்ந்து, கடைசியில் எல்லாம் நின்றுவிடும்.

நிற்காததால் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததால் பாராட்டும் இல்லை.

"வினோலியா வேணும்னே ஃபைலை மூடாம விடறா. அப்புறம் ஓடிப்போய் நல்ல பேர் வாங்கறா" என்று அன்றிரவு கணவனிடம் பொருமினாள்.

ஜாகிர் சிரித்தான். "அவ ஓடிக்கினு இருக்கா, நீ குந்திக்கினு இருக்கே. உன்னுதையும் நிக்க வையேன்!"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான்.

மறுநாள் அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போனாள். தன் பலா மண்டி புரோகிராமில் பில் போடும் இடத்தில் இருந்த 'வித்'தை எடுத்துவிட்டாள். மண்டியில் கூட்டம் ஏறினால் மதியத்துக்குள் நின்றுவிடும்.

போனை மடியிலேயே வைத்திருந்தாள். மதியம் ஆயிற்று. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மாலையும் ஆயிற்று. போன் வரவில்லை.

வினோலியாதான் வந்தாள்.

"அக்கா, முந்திரி புரோகிராம் இனிமே நிக்காது. ஏன் நிக்குதுன்னு தெரியாம ஒவ்வொரு தடவையும் ஓடினேன். எவ்வளவு அவமானம் தெரியுமா? இன்னிக்குக் காலையில உங்களோடதைத் திறந்து பார்த்துதான் கத்துக்கிட்டேன். சார்கிட்டயும் சொல்லிட்டேன், ஷாஜியா அக்காவைப் பர்மனென்ட் பண்ணுங்க, அவங்க எழுதினா யாரும் ஓடவே வேணாம்னு."

ஷாஜியா தலைகுனிந்தாள்.

வினோலியா குரலைத் தாழ்த்தினாள். "பில் போடற இடத்துல மட்டும் 'வித்' இல்லைக்கா. நீங்களா மறப்பீங்க? யாரோ கை பட்டிருக்கும்னு நானே போட்டுட்டேன். சார்கிட்ட சொல்லலை."