அஸ்தமனத்துக்கு முன்

1984 ஏப்ரல் 15, திருவண்ணாமலை: சூரிய அஸ்தமனம் மாலை 6.23.

ஐந்தே முக்காலுக்கு ஜினதாசன் வீட்டில் கரண்ட் போனது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் இருந்தார்கள். இரு வீட்டாரும் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். மிக்சியில் தேங்காய் அரைபடாமல் கிடந்தது.

"மாப்ள எழுந்து வெளிய போயிட்டாருங்க," என்றாள் மனைவி கனகலதா. "கோவம் போல."

ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. ஜினதாசன் கொல்லைக்கு ஓடினார். அங்கே மைத்துனன் சீவகன், வெள்ளைக்காரரிடம் வாங்கிய உள்ளே படுக்கை வைத்த வேனை நிறுத்தியிருந்தான். பேட்டரியிலிருந்து வீட்டுக் கரண்ட் எடுக்கும் இன்வெர்ட்டர் அதில் இருந்தது.

"மிக்சி ஓடுமா மச்சான்?"

"ஒயர சுவத்து பிளக்ல சொருகுங்க மாமா. வீடு முழுக்க வரும். உங்க மூஞ்சிலயும் லைட் எரியும்."

சொருகினார். விளக்குகள் எரிந்தன, மிக்சி இரைந்தது.

"மாப்ளைய கூப்பிடுங்க, எல போடறோம்!" என்று ஜினதாசன் வாசலுக்கு ஓடினார்.

மாப்பிள்ளை நேமிநாதன் லைன்மேன். அந்த வீட்டு ஒயர் மட்டும் மின்கம்பத்தில் அறுந்திருந்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டு ஏணியில் ஏறியிருந்தார். கரண்ட் இல்லாத ஒயர் என்று நம்பி வெறுங்கையால் முறுக்கிக்கொண்டிருந்தவர், வீட்டிலிருந்து ஒயர் வழியே வந்த கரண்ட் தாக்கி இப்போது கம்பத்தடியில் கிடந்தார்.

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.