இன்னிக்குத் திருப்பம் வேண்டாம்

“மறுபடியும் திருப்பமா? போதும்க்கா! கதையவே கொன்னுட்டீக!”

பேச்சி பீடித் தட்டை நங்கென்று கீழே வைத்தாள்.

ரேடியோப் பெட்டி ரிப்பேரான நாளிலிருந்து, சேர்ந்து உட்கார்ந்து பீடி சுற்றும் அந்த மூன்று பேருக்கும் இந்த விளையாட்டுதான். சங்கரம்மாள் கதை சொல்வாள். அதில், கடல் தாண்டிப் போன வியாபாரியின் பெண்டாட்டி மாரித்தாய். அவனைக் கரை சேர்க்கும் படகுக்காரி பேச்சி. அவரவர் பேச்சை அவரவரே பேச வேண்டும்.

பேச்சியும் மூன்று தடவை உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டுவிட்டாள். மூன்று தடவையும், கரை கண்ணில் படுகிற நேரம் பார்த்து, புயலையோ கொள்ளைக்காரனையோ கொண்டுவந்து அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள் சங்கரம்மாள்.

“திருப்பம் இல்லாத கதை உப்பில்லாத கஞ்சிட்டி.”

“உப்பு கூடிப்போனாலும் கஞ்சியக் கீழதான்க்கா கொட்டணும்!”

பேச்சிக்குப் பொறுக்கவில்லை. மாரித்தாயின் புருஷன் பம்பாய்க்குப் போய் மூணு வருஷம். பாவம், கதையிலாவது அவளுக்கு ஒருத்தன் வந்து சேரக்கூடாதா? இந்தச் சங்கரம்மாளுக்கு என்ன கல் மனசு!

“இன்னிக்கு நான் சொல்லுதேன். ஒரு திருப்பமும் கெடையாது. படகு கரை சேந்தாச்சு. அங்கன பஸ் ஏறி, சங்கரங்கோயில்ல எறங்கியாச்சு. தேரடி தாண்டி நம்ம தெருவுக்குள்ள வந்துட்டாக. கையில உனக்குச் சேலை. கதவத் தட்டுதாக. ஏட்டி மாரி, தொற!”

“வேண்டாம் பேச்சி...” சங்கரம்மாள் பதறினாள்.

“நீங்க சும்மா இருங்க. ஏட்டி, தொறன்னு சொல்லுதேன்ல!”

மாரித்தாய் சுற்றிக்கொண்டிருந்த பீடி கையிலேயே பிரிந்து, தூள் மடியில் கொட்டியது.

“எக்காவ வையாத பேச்சி. நாந்தான் தெனமும் திருப்பம் போடச் சொன்னேன்.”

“நீயா? எதுக்குட்டி?”

“அவுக வழியில இருக்கது வரைக்குந்தான் எம் புருசன்.”

மாரித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நெசத்துல போன மாசமே வந்துட்டாக. இந்தா, பக்கத்துல ராயகிரியில அவுக அக்கா வீட்டுக்கு... பொண்டாட்டி புள்ளையோட.”