மெக்கானிக் துரைராசு

நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த துரைராசுவை மிராசுதார் காயாரோகணம் ஆளனுப்பிக் கூப்பிட்டார். மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, இரும்புக் குண்டை ஓடவிட்டு விளையாடும் பழைய பின்பால் மிஷின் எரியவில்லையாம். துரைராசுவுக்கு ரேடியோ ரிப்பேர் கொஞ்சம் தெரியும்.

"வாங்க தம்பி. சேத்துக் காலைக் கழுவிட்டு இந்தச் சட்டையைப் போட்டுக்குங்க" என்றார், நேற்றுவரை 'வாடா' என்றவர்.

மிஷினின் பவர் சப்ளை போர்டில் ஒரு ஒயர் துண்டாகியிருந்தது.

"எலி கடிச்ச மாதிரி இல்லைங்க. பிளேடால அறுத்தாப்ல இருக்கு."

"எனக்கென்ன தெரியும், நீங்கதானே மெக்கானிக்."

அந்த வார்த்தை துரைராசுவுக்கு இனித்தது. ஒயரைப் பற்றவைத்ததும் விளக்குகள் மின்னின, இரும்புக் குண்டு மணியடித்துக்கொண்டு ஓடியது. மிராசுதார் வரவழைத்திருந்த போட்டோக்காரர் தயாராக இருந்தார்.

"ஸ்குரு டிரைவர் தெரியிற மாதிரி பிடிங்க" என்றார் மிராசுதார்.

பத்தாம் நாள் தாலுகா ஆபீஸ் விசாரணையில் தாசில்தார் அந்தப் போட்டோவை மேசையில் வைத்தார்.

"காயாரோகணம் ஐயா நிலத்துல குத்தகைதாரர்னு உங்க பேரைப் பதியச் சொல்லி மனு போட்டிருக்கீங்க. வயல்ல இறங்கித் தானே பாடுபடுறவருக்குத்தான் அந்த உரிமை. நீங்க ரிப்பேர் தொழில் பண்றவராமே?"

"பதினெட்டு வருஷமா நான்தாங்க உழுவுறேன்."

எதிரே உட்கார்ந்திருந்த மிராசுதார் போட்டோவை மெல்ல அவன் பக்கம் நகர்த்தினார். துரைராசு குனிந்து படத்தைப் பார்த்தான்.

காலில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.