பால்கட்டு

இங்கிலாந்து அரசி முன்பு பெற்ற இரண்டு ஆண்பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டார்கள். இப்போது பிறந்திருக்கும் மூன்றாவதும் போனால் வம்சமே அற்றுப்போகும். பாலூட்ட அழைத்துவரப்பட்ட ஏவிஸுக்கோ, தன் கைக்குழந்தையைத் தங்கை வீட்டில் விட்டுவந்த ஏக்கத்தில் பால் வற்றிவிட்டது. இளவரசன் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான்.

“என் மக அழுகிற சத்தம் கேட்டா பால் சுரக்கும்,” என்றாள் ஏவிஸ்.

குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பசியில் அது வீறிட்டதுமே ஏவிஸின் மார்பு நனைந்தது. இளவரசன் கவ்விக் குடித்தான்.

“இந்தப் பக்கம் என் மகளுக்குக் கொடுக்கட்டுமா?”

“ஒரு சொட்டு கூடாது. அவ அழுதுக்கிட்டே இருக்கட்டும்,” என்றார் வைத்தியர். தாதி ஒருத்தி குழந்தையை எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது அதன் குரல் கம்மியது.

படுக்கையில் கிடந்த அரசி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரிசைச் சீக்கிரம் சுமக்க வேண்டியவள் பாலூட்டக் கூடாதென்று, அவள் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தத் துணி இப்போது நனைந்துகொண்டிருந்தது.

“அந்தப் பொண்ணை என் மடியில போட்டுட்டு, ஏவிஸைத் தவிர எல்லாரும் வெளியே போங்க.”

வைத்தியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“போங்க!”

கதவு மூடியதும் அரசியின் விரல்கள் முதுகுப்புற முடிச்சைத் தேடித் தவித்தன. “எட்டலையே ஏவிஸ், அவிழ்த்துவிடேன்!”

ஏவிஸ் இளவரசனை மார்போடு அணைத்தபடியே குனிந்து, அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். அரசியின் மடியில் மகள் அழுகையை நிறுத்திவிட்டு, நனைந்த துணியையே சப்பத் தொடங்கியிருந்தாள்.