வெறும் பட்டடை

இரும்படிக்கும் பழைய பட்டடை ஒன்று தேடிக் காலையிலிருந்து அலைகிறேன். தட்டிப் பார்த்தவையெல்லாம் விரிசல் விட்டு மந்தமாகத்தான் சத்தமிட்டன. அலுத்துப்போய் நல்லபெருமாள் ஆசாரியின் வீட்டோடு ஒட்டிய கொல்லுலைக்கு வந்தேன்.

"தட்டாம வாங்கிக்கிடக் கூடாதா?" என்றாள் அவர் மனைவி இசக்கியம்மாள். "அவுக உள்ள படுத்திருக்காக. பட்டடைய விக்கிறது அவுகளுக்குத் தெரியாது."

"சத்தம் கேட்டாத்தானேம்மா விரிசல் தெரியும்?"

சுத்தியலால் மெல்லத்தான் தட்டினேன். கணீரென்றது.

"எவம்ல அது வெறும் பட்டடையில அடிக்கிறது?" வீட்டுக்குள்ளிருந்து இருமலோடு குரல் வந்தது. "இரும்பு வைக்காம அடிச்சா தொழிலுக்கு ஆகாதுன்னு தெரியாதா?"

"வேலைக்குப் புதுசா வந்த ஆளு. பழகிருவான்," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். கையிலிருந்த இரும்புத் தோசைக்கரண்டியைப் பட்டடைமேல் வைத்தாள்.

"அடிங்க தம்பி," என்றாள் தணிந்த குரலில். "அவுக தூங்குற வரைக்கும்."