லிராங்குக்கு வைத்த பெயர்

பன்றி வேட்டைக்குப் போன லிராங் பத்து நாள் கழித்துக் குடியிருப்புக்குத் திரும்பினான். பாராம் ஆற்றங்கரையில் மச்சினன் தலை நிமிராமல், "வந்துட்டியா, அபான்?" என்றான். எதிரே வந்த பெண்களும் அந்தப் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள்.

லிராங் கோபத்தோடு குடிசைக்குள் ஏறினான். மனைவி ஊடிங் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"உன் தம்பிக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு. நீ இங்க குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, பொண்டாட்டி செத்தவனுக்கு வைக்கிற பேரை எனக்கு வச்சிருக்கான்."

"பன்றி கிடைச்சுதா?"

"ஒண்ணு கிடைச்சுது. அடுப்பு ஏன் அணைஞ்சு கிடக்கு? சாகோக் கூழ் கிண்டு, பசிக்குது."

"இனிமே நீயேதான் கிண்டிக்கணும்."

"நீயும் அவங்களோட கூட்டா?"

ஊடிங் சிரிக்கவில்லை.

"நீ போன மூணாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்துச்சு, அபான்," என்றாள்.